உறவினர் எவரும் இலர்

பொன்னேரிப் பள்ளிச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் சென்னை என்னும் புள்ளி அழிந்துபோயிருந்தது. பூச்சி அரித்ததும் அன்று, மழை நனைத்ததும் அன்று; கனகாம்பாளின் விரல்தான் அழித்தது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் அந்த இடத்தைத் தொட்டு, "நாம இங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் மற்ற கண்டங்களுக்குப் போவாள். தொடத் தொட மையும் போய், மெழுகும் போய், அடியில் இருந்த துணி வெள்ளையாகத் தெரிந்தது. விரல் ஏழு கடலையும் கடந்துவிட்டது. விரலுக்கு உரியவளோ வடக்கே நெல்லூரையும் கிழக்கே பழவேற்காட்டுக் கழியையும் தாண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, சித்திரை மாதத்தின் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. பூகோள ஆசிரியர்களுக்காக இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கல்லூரியில் நடக்கும் ஆறு வார ஆய்வரங்கு. எட்டு நாட்டு ஆசிரியர்கள் கூடுகிறார்கள். போகவர, உண்ண, தங்க எல்லாம் இரண்டு அரசுகளின் பொறுப்பு. சென்ற ஆண்டு எவருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்திருந்தாள். மறந்ததாக நினைத்திருந்தாள் என்பதே சரி. கடிதத்தின் உறையைக் கண்டதும் உள்ளே இருப்பது என்ன என்று பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

தலைமையாசிரியை விக்டோரியா கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"கனகா, ஆறு வாரம் ரொட்டியும் வெண்ணெயும் தின்னுட்டு வந்து, எங்களையெல்லாம் 'ஹூ ஆர் யூ'ன்னு கேக்கப் போறே."

"அங்கயும் சோறு போடுவாங்களாம். கடுதாசியிலயே போட்டுக்கீது."

"சோறு போடுவாங்க. உன் புளிக்கொழம்பு யாரு வைப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். கனகாம்பாளும் சிரித்தாள். பிறகு மணி அடித்தது. அவரவர் வகுப்புக்குப் போனார்கள்.

அன்று மாலை வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் விளக்கேற்றி, வழக்கம்போல் பதிகம் ஒன்றைப் பாடி முடித்துவிட்டுக் கடிதத்தோடு வந்த படிவத்தை விரித்தாள். பிறந்த தேதி, படிப்பு, பணிக்காலம் எல்லாம் நிரப்பியாயிற்று. ஒன்பதாம் கட்டத்தில் பேனா நின்றது. பெண் ஆசிரியர் எனில், நெருங்கிய உறவினர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். பெயர், முகவரி, உறவுமுறை, கையொப்பம். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நெருங்கிய உறவினர் அவளுக்கு ஒருவன் இருந்தான். மூன்று ரயில் நிறுத்தங்கள் தள்ளி, எளாவூரில். அவளுடைய அண்ணன் லோகநாதன். அவளோடு அவன் பேசி இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் உண்டு. தேர்வாய் கண்டிகையில் ஒரு குடும்பத்தில் அண்ணன் துளசிராமன், தங்கை கெங்கம்மாள். கெங்கம்மாளை லோகநாதனுக்கும், கனகாம்பாளைத் துளசிராமனுக்கும் பேசி முடித்தார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு தாலி. பந்தக்கால் நட்ட மூன்றாம் நாள் சென்னை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கனகாம்பாளுக்கு அழைப்பு வந்தது. அதற்கும் ஒரு படிவம். அதற்கும் ஒரு கையொப்பம். அவளுடைய தகப்பனார் இரண்டு நாள் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார்; மூன்றாம் நாள் விடியற்காலையில் கையொப்பம் போட்டுக் கொடுத்து, தாமே ரயிலேற்றிவிட்டு வந்தார். பெண் தராத வீட்டுக்குப் பெண் இல்லை என்று தேர்வாய் குடும்பம் சொல்லிவிட்டது. கெங்கம்மாளைச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். பந்தல் பிரிந்த வீட்டுக்கு அதன்பின் எவரும் பெண் கொடுக்க வரவில்லை. லோகநாதன் எல்லையம்மன் கோயிலில் ஊரார் நடுவே உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தான்: எனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இல்லை.

அதற்குப் பின் தகப்பனார் இறந்தபோது ஒருமுறை போனாள். துக்கத்துக்கு வந்தவர்களோடு வந்தவளாக முற்றத்தின் ஓரத்தில் நின்றாள், வந்தவர்களோடு திரும்பினாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் எளாவூரில் இறங்கினாள். கல்கத்தா நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடிக்கு இருபுறமும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அவற்றின் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள், குடை பிடித்து நடந்துபோகும் நடுவயதுப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதத்தால் நெல்லைத் துழாவிக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அடையாளம் கண்டுகொண்டான் என்பது அவன் கால் நின்றதில் தெரிந்தது.

"வாங்க," என்றான்.

அண்ணன் தங்கையை 'வாங்க' என்று சொல்வதில்லை. அயலாரைச் சொல்லும் சொல் அது. அவள் காய்கிற நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்தாள். அவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் அவளுக்கு முன்னால் தரையில் வைத்தான்.

"இன்னா விசயமா வந்தீங்க?"

அவள் சொன்னாள். படிவத்தை நீட்டினாள். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"எத்தினி நாளு?"

"நாப்பத்திரண்டு நாளு."

"கப்பலா?"

"ஏரோப்ளேன்."

"உழுந்துச்சின்னா?"

"உழுந்துச்சின்னா, இதுல யாரு பேரு இருக்குதோ அவங்களுக்குத் தந்தி வரும்."

அவன் படிவத்தைத் தரையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். நெல்லில் குருவிகள் இறங்கியிருந்தன; அவன் விரட்டவில்லை.

"நைனா இருந்தா போட்டிருப்பாரு," என்றாள் அவள்.

"நைனா ஒரு தபா போட்டாரு. அதாலதான் இந்த ஊட்ல ஒரு அடுப்பு, ஒரு தட்டு." குரலை உயர்த்தாமலே சொன்னான். "இந்தத் தபா நான் போட்டா, இன்னும் இன்னா போவும்னு பாத்துக்கினு இருக்கேன். போறதுக்கும் ஒண்ணும் இல்ல."

சுவரில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்துச் சாத்தியிருந்ததைப் பார்த்தாள். பொன்னேரியில் அவளுடைய அறையிலும் அப்படித்தான் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் அவன் ஆறுதல் அடைவானா, கோபம் கொள்வானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேனா கொண்டாந்தீங்களா?"

கொடுத்தாள். பெயரை எழுதினான், முகவரியை எழுதினான், கையொப்பத்தை எழுத்து எழுத்தாகப் போட்டான். உறவுமுறைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா காகிதத்துக்கு மேலே நெடுநேரம் நின்றது.

"எல்லையம்மனாண்ட கற்பூரம் அணைச்சி சொன்ன வார்த்தை," என்றான். "காயிதம்னாலும் அதுக்கு மாறா எழுதக் கூடாது."

எழுதி மடித்துக் கொடுத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். 'தெரிந்தவர்' என்று இருந்தது.

புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "சாவடி வழியா போவாதே, லாரிங்க வழி மறிச்சிக்கினு நிக்கிது. வரப்பு மேல போ."

அவள் திரும்பினாள். அவன் தன் வாய் தவறியதை அறிந்தவனாகவோ அறியாதவனாகவோ முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் திருவள்ளூரில் கல்வி அலுவலகம். எழுத்தர் சின்னதுரை நல்ல மனிதன். யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. அதனாலேயே அவன் மேசையில் காகிதக் கட்டுகள் மலையாகக் கிடந்தன. படிவத்தை ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டு வந்தவன் ஒன்பதில் நின்றான்.

"இன்னா டீச்சர் இது? தெரிஞ்சவர்னு போட்டுக்கீறாரு. அந்தக் கணக்குல பாத்தா எனக்குக்கூட உங்களைத் தெரியும். நானே போட்டிருப்பேனே."

"அவரு என் அண்ணன்தான்."

"அப்ப அண்ணன்னு போடறதுக்கு இன்னா பேஜாரு?"

அவள் சுருக்கமாகச் சொன்னாள். கற்பூரம் என்றதும் சின்னதுரை பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"இதப் பாருங்க. அந்த ஒரு வார்த்தையை அடிச்சிட்டு நீங்களே அண்ணன்னு எழுதிடுங்க. நெசத்தைத்தானே எழுதறீங்க. யாரு கேக்கப் போறாங்க?"

அவள் வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடு, நான்கு எழுத்து. அவ்வளவில் இங்கிலாந்து. ஆனால் அவன் அம்மனுக்கு முன் சொன்னதைக் காப்பாற்றுவதற்காக எழுதிய சொல் அது. அந்தச் சத்தியம் அவளைத் தாக்குவதற்கென்றே செய்யப்பட்டதுதான். என்றாலும் அவனுக்கென்று எஞ்சியிருந்த உடைமை அது ஒன்றே. அவனுடைய மணத்தை உடைத்தவள், அவனுடைய வாக்கையும் அவன் அறியாமல் உடைப்பதா?

"வேணாம்," என்றாள். "அது அவர் வார்த்தை. நான் அடிக்கக் கூடாது."

சின்னதுரை பெருமூச்சு விட்டான். கட்டுகளுக்கிடையே கைவிட்டு ஒரு பழைய சுற்றறிக்கையை உருவினான்.

"இன்னொரு வழி கீது. உறவுக்காரங்க யாருமே இல்லாதவங்களுக்கு ஒப்புதல் வேணாம். 'எனக்கு உறவினர் எவரும் இலர்'னு நீங்க உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். சொந்த ஊரு முன்சீப்பு விசாரிச்சி ஆமான்னு எழுதணும். அதுக்கு மேல தாசில்தார் சீலு. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்துடுங்க, நான் அனுப்பிடறேன்."

அறைக்குத் திரும்பிய அவள் அன்று சமைக்கவில்லை. வெள்ளைத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நெருப்பின் மேல் சொன்னதை அவள் காகிதத்தின் மேல் சொல்ல வேண்டும். அவன் சொன்னது கோபத்தில். இருபத்தைந்து வயது நிரம்பாத பிள்ளை, பிரிந்த பந்தலின் எதிரே நின்று சொன்னது. அவள் சொல்லப்போவதோ கோபமில்லாமல், நாற்பத்தொரு வயதில், நல்ல கையெழுத்தில். எது பெரிய பாவம் என்று அவள் தான் பாடும் பதிகங்களின் இறைவனைக் கேட்டாள். தாயும் தந்தையும் உடன்பிறப்பும் நீயே என்று அடியார்கள் பாடியதை நாள்தோறும் வாயால் சொல்லியிருக்கிறாள். அவர்கள் உறவெல்லாம் இருந்தும் துறந்து பாடினார்கள். அவளுக்கு அதை ஒரு தாசில்தார் முத்திரையிட்டுத் தர வேண்டியிருந்தது.

விடிந்ததும் எழுதினாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

எளாவூர் கிராம முன்சீப் முனிகிருஷ்ணன் வியாழக்கிழமைதோறும் பொன்னேரி தாலுகா அலுவலகத்துக்கு வருவார். வெற்றிலை வாயோடு அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றிருந்தவர், அவளைக் கண்டதும் பையிலிருந்து தாளை எடுத்தார். இரண்டு நாள் முன்பு அவள் கொடுத்தனுப்பியது.

"எழுதிட்டேம்மா. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னால உங்க அண்ணனாண்ட போனேன். போவாம எப்படி? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்தை இல்லைன்னு நான் எழுதினா நாளைக்கு என் தலை உருளும்."

"இன்னா சொன்னாரு?"

"களத்துல இருந்தாரு. 'லோகநாதா, உன் தங்கச்சி தனக்கு யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துக்கீது, நான் இன்னா பண்ணட்டும்'னேன். காயிதத்தை வாங்கிப் பாத்தாரு. படிச்சதையே திரும்பத் திரும்பப் படிச்சாரு." முன்சீப் தாழ்வாரத்துக்கு வெளியே எட்டித் துப்பிவிட்டு வந்தார். "அப்பறம், 'கையெழுத்து நல்லாக்கீது'ன்னாரு. காயிதத்தை மடிச்சிக் குடுத்தாரு. 'நெசந்தான் முன்சீப்பு. அந்தம்மாவுக்கு யாரும் இல்ல. நானே சொல்றேன்னு எழுதிக்க. போவட்டும்'னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ஒரு நாளைக்குள்ள அவரு அவ்வளவு பேசினதே எனக்கு அதிசயம்மா."

முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் சின்னதுரை அதைக் கட்டில் சேர்த்து, அவள் எதிரிலேயே அரக்கு வைத்தான்.

ஆனி மாதக் கடைசியில் மீனம்பாக்கம். வெளிநாடு போகிறவரை வழியனுப்ப அந்நாளில் குடும்பமே வேன் பிடித்து வரும். மாலை போட்டு நிழற்படம் எடுத்துக்கொள்ளும். அன்று அதே விமானத்தில் போக இருந்த ஒரு பேராசிரியரைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். கனகாம்பாள் தன் பெட்டியின் மேல் கைவைத்துத் தூணோரம் நின்றாள். விக்டோரியாவும் மற்றவர்களும் முதல் நாளே பள்ளியில் வழியனுப்பிவிட்டார்கள். வகுப்பை விட்டு வர முடியாது. அந்த நாற்பது பேரில் ஒரு பெண் இவளிடம் வந்தாள்.

"தனியாவா போறீங்க? உங்க ஊட்டுக்காரங்க யாரும் வரலியா?"

"இல்ல."

"மாலை ஒண்ணு அதிகமாப் போச்சுங்க. நீங்க போட்டுக்கறீங்களா? வெறுங்கழுத்தாப் போகக் கூடாது."

கனகாம்பாள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். விமானத்தில் ஏறும்வரை அதைக் கழற்றவில்லை.

கல்லூரி விடுதிக் காப்பாளர் நரைத்த, பருத்த, சுறுசுறுப்பான அம்மையார். வந்த அன்று மாலையே ஒவ்வொருவரையும் அழைத்து ஓர் அட்டையைக் கொடுத்தார். பெயர், நாடு, உணவில் விலக்கு, நோய் இருந்தால் அதன் குறிப்பு. கடைசி வரி, அவசரம் நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது.

கனகாம்பாள் அந்த வரியை விட்டுவிட்டு அட்டையை நீட்டினாள்.

"இதை விட்டுவிட்டீர்களே," என்றார் அம்மையார்.

"எனக்கு யாரும் இல்லை என்று எங்கள் அரசாங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

"அது உங்கள் அரசாங்கத்துக்கு. இந்த அட்டை இந்த அறையை விட்டு வெளியே போகாது. நான் மட்டுமே பார்ப்பேன். மாடிப்படியில் நீங்கள் விழுந்துவிட்டால் நான் யாரைத் தேடுவேன், சொல்லுங்கள்."

அவள் பேனாவை வாங்கினாள். லோகநாதன், எளாவூர், பொன்னேரி தாலுகா, சென்னை வழி. உறவு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'அண்ணன்' என்பதற்குரிய சொல்லை எழுதினாள். அந்தச் சொல்லை இருபத்தோரு ஆண்டுகளில் அவள் கை எழுதியது அதுவே முதல் முறை. எழுதிய பின் மை உலரும்வரை ஊதினாள். அம்மையார் பார்க்காமலே வாங்கி மரப்பேழையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

ஆறு வாரங்கள் நல்லபடியாகப் போயின. நிலக்கரிச் சுரங்கம் பார்த்தார்கள். ஆட்டுப் பண்ணை பார்த்தார்கள். மழை அளக்கும் நிலையத்துக்குப் போய் நனைந்தார்கள். சாப்பாட்டு அறைக்கு வெளியே கடிதங்களுக்கென்று எழுத்து வரிசையில் சிறு சிறு பொந்துகள் வைத்த பலகை இருந்தது. பர்மாக்காரியும் கானா நாட்டுக்காரரும் காலையில் ஓடிப்போய் அதைப் பார்ப்பார்கள். அவளும் அவர்களோடு போய் நிற்பாள். தன் பொந்து காலியாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனால் தனியாகச் சாப்பிடப் போவதைவிட அது மேலாக இருந்தது.

அந்த நாட்டில் ஆடி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் பொழுது சாயவில்லை. ஏன் என்பதை உருண்டையைச் சாய்த்துக் காட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் கற்பித்தவள் அவள். இருந்தும் மாலைப் பதிகத்தை எப்போது பாடுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊர் நேரத்தில் பாடினால் இங்கே பட்டப்பகல். சூரியனைப் பார்த்துப் பாடினால் ஊரில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். கடைசியில் சூரியனுக்காகக் காத்திருந்து, சன்னலைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில் பாடினாள். தமிழ் கேட்கும் செவி அந்தக் கட்டடத்தில் வேறொன்று இல்லை.

ஒருநாள் கடைக்குப் போய் உழுத வயல் ஒன்றின் படம் அச்சிட்ட அஞ்சல் அட்டை வாங்கினாள். முகவரி எழுதினாள். தொடங்குவதற்கு ஒரு விளி வேண்டும். அண்ணா என்று எழுதினால் தபால்காரன் முதல் முன்சீப் வரை படிப்பார்கள். அவன் சத்தியம் ஊர் நடுவே சிரிப்பாகும். ஐயா என்று எழுத அவள் கை இடம் கொடுக்கவில்லை. விளி இல்லாமல், பெயரும் இல்லாமல், 'இங்கே உழவு டிராக்டரால். மண் கறுப்பு. நலம்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

ஐந்தாம் வாரம் ஒவ்வொருவரும் தம் வட்டாரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும். அவள் பழவேற்காட்டுக் கழியைச் சொன்னாள், ஆரணியாற்றைச் சொன்னாள், ஆந்திர எல்லையில் லாரிகள் நிற்பதைச் சொன்னாள். அங்கே தொங்கிய படம் புதியது. சென்னை கறுப்பாக, முழுதாக இருந்தது. அதன்மேல் விரலை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டினாள். பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டார்.

"கடற்கரை மணலுக்கு அவ்வளவு அருகில் நெல் விளையுமா?"

"விளையும். என் அண்ணன் விளைவிக்கிறார். கோடையில் வாசலில் காயப்போட்டுக் காலால் துழாவுவார்," என்றாள்.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டாள். எவரும் திடுக்கிடவில்லை. குறித்துக்கொண்டார்கள்.

புறப்படும் நாள் காலையில் காப்பாளர் அறையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பேழையின் இழுப்பறை பாதி திறந்திருந்தது.

"அந்த அட்டைகளை இனிக் கிழித்துவிடுவீர்களா?" என்று கேட்டாள்.

"கிழிக்க முடியாது. விதி இருக்கிறது. ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏன், உங்களுடையதில் ஏதேனும் பிழையா? திருத்த வேண்டுமானால் தருகிறேன்."

"பிழை இல்லை," என்றாள் கனகாம்பாள். "அப்படியே இருக்கட்டும்."

அம்மையார் இழுப்பறையைத் தள்ளி மூடிப் பூட்டி, சாவியை இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டார். கனகாம்பாள் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். எழுபத்தைந்தாம் ஆண்டு ஆவணி வரை. அதுவரை இந்த உலகத்தில் பூட்டிய ஓர் இழுப்பறைக்குள், எவர் சத்தியத்தையும் உடைக்காமல், அவள் ஒருவனுக்குத் தங்கையாக இருப்பாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குடையை விரித்து, பேருந்துக்கு நடந்தாள்.